மெது (தொல் இந்தோ-ஐரோப்பியச் சொல்)

மெது என்பது, சம்ஸ்கிருதத்து 'மது' முதலாக ஐரோப்பாவின் வடபுலம் வரை பரந்து கிடக்கும் ஒரு சொற்குடும்பத்திற்கு மூலமாக மொழிநூலார் மீட்டமைத்துள்ள சொல். தேன் என்றும், தேனை நீரிற் கரைத்துப் புளிக்கவைத்த பானம் என்றும் இதற்கு இருபொருள் கூறுவர். எழுத்தில் எங்கும் காணப்படாத வடிவமாதலின், 1861இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிடத் தொடங்கிய ஆகுஸ்ட் ஷ்லைகர் காலந்தொட்டு வேரூன்றிய வழக்கப்படி, இத்தகைய சொற்களுக்கு முன்னே உடுக்குறி இடப்படுகிறது.

இவ்விரு பொருள்களுள் முந்தியது எது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஹிட்டைட்டு மொழியில் 'மிலித்', கிரேக்கத்தில் 'மெலி', இலத்தீனில் 'மெல்' எனத் தேனுக்கு மற்றொரு தொல்சொல் வழங்கியிருப்பதால், மெது ஆதியில் பானத்தையே குறித்திருக்கலாம் என்பர் சிலர். தேனே முதற்பொருள் என்பர் வேறு சிலர். செமித்திய மொழிகளில் இனிமையைக் குறிக்கும் ஒரு வேரோடு இதனை இணைக்கும் முயற்சியும் நடந்துள்ளது. அது பொதுவாக ஏற்கப்பட்டதாகக் கூறுவதற்கில்லை.

இச்சொல்லின் சரித்திரத்தில் சான்றுகள் செறிந்து கிடப்பது வேதகாலமேயாகும். ருக்வேதத்தில் மது என்பது தேனை மட்டுமன்றி, சோமரசம், பால் முதலிய இனிய பொருள் யாவற்றையும் தழுவி நிற்கிறது. விஷ்ணுவின் மூன்றாவது அடி பதிந்த உச்சியில் மதுவின் ஊற்று இருப்பதாக ஒரு சூக்தம் கூறுகிறது. அசுவினி தேவர்களின் தேரோ மதுவைச் சுமந்து வருவது. அவ்விருவருக்கும் மதுவின் இரகசியத்தைத் தத்யங் என்னும் முனிவர் குதிரைத் தலையோடு உபதேசித்தார் என்று முதல் மண்டலம் கூறும் கதை, பின்னர் பிருகதாரணியக உபநிடதத்தின் மதுவித்தைப் பகுதியில், பூமியும் நீரும் காற்றும் சூரியனும் உயிர்கள் அனைத்துக்கும் மது, உயிர்கள் அவற்றுக்கு மது என விரியும் பெரும் தத்துவமாக வளர்ந்திருப்பது வியந்து போற்றத்தக்கது. காற்றும் ஆறுகளும் இரவும் விடியலும் மண்துகளும் இனிமையுடையனவாகுக என வேண்டும் மந்திரங்களும் அம்மண்டலத்தனவே. விருந்தினரை மதுபர்க்கம் அளித்து வரவேற்பதும், வசந்தகாலத்தின் இரு மாதங்களுக்கு மது, மாதவம் என்னும் பெயர்கள் அமைந்ததும் இப்பொருள் விரிவின் வழிவந்தவை.

ஈரானிய மொழிகளுள் அவெஸ்தாவின் 'மது'விலிருந்து பாரசீகக் கவிஞர் பாடும் 'மை' வரை சொல் திராட்சை ரசத்தின் பக்கம் சாய்ந்தது. ஒஸ்ஸெத்தியத்தில் 'மிட்' தேனாகவே நின்றது. கிரேக்கத்தில் 'மெத்யு' திராட்சை மதுவாயிற்று. பைலோஸ் நகரத்துக் களிமண் ஏடுகளில் காணப்படும் ஒரு தொடர் புது மது விழாவைக் குறிப்பதாகப் பலர் கருதுவர். வெறியைத் தடுக்கும் என நம்பப்பட்ட 'அமெதிஸ்ட்' கல்லின் பெயரும் இதன் வழியது. கெல்த்தியக் கிளையில் ஐரிஷ் 'மித்', வெல்ஷ் 'மெத்' ஆகியவை உள்ளன. ஆங்கில 'மீட்' தேன்பானத்தைக் குறிக்க, லித்துவேனியம் தேனுக்கு 'மெதுஸ்' என்றும் பானத்திற்கு 'மிதுஸ்' என்றும் இரண்டு வடிவங்களைப் பேணிவருகிறது.

ஸ்லாவிய மொழிகளில் இச்சொல் காட்டுக்குள்ளும் புகுந்தது. கரடியின் பழம்பெயரை உச்சரிக்க அஞ்சிய மக்கள் அதனைத் 'தேனுண்ணி' என மறைமொழியால் அழைத்தனர் என்பதும், ருஷ்யமொழியின் 'மெத்வேத்' அதன் வழிவந்தது என்பதும் பெரும்பான்மையோர் கொள்கை. இனிய கனியை உண்ணும் பறவைகளை 'மத்வத' என ருக்வேதம் வருணிப்பது, அதே இரு உறுப்புகளால் அமைந்த சொல்லேயாம். ஸ்லாவியரிடமிருந்து கரடிக்கு 'மெத்வெ' என்னும் பெயரைக் கடன்பெற்ற ஹங்கேரியர், அதற்கு நெடுங்காலம் முன்பே தம் ஊராலிய முன்னோர் இந்தோ-ஐரோப்பியரிடமிருந்து பெற்ற சொல்லின் வழியாகத் தேனை 'மேஸ்' என்றனர். இங்ஙனம் ஒரே மூலம் இருவேறு காலங்களில் ஒரே மொழியை வந்தடைந்தது. பின்லாந்தியரின் 'மெசி'யும் அப்பழங்கடனே.

கீழ்த்திசையில், தாரிம் படுகையில் வழங்கி மறைந்த தோக்காரிய மொழியில் தேனுக்குப் பெயர் 'மித்'. 1908இல் சீக், சீக்லிங் ஆகியோர் அம்மொழியின் இனத்தை நிறுவிய பின்னர், சீனத்தின் 'மீ' இதனின்று பிறந்தது என்னும் கருத்து உருவாகி, இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஜப்பானியரின் 'மித்சு' சீனத்தின் வழிச் சென்றது.

தமிழில் தேன், தேறல், நறவு, கள் என்னும் சொற்கள் இருக்கவும், வடமொழியிலிருந்து மதுவும் மதுரமும் வந்து நிலைத்தன. மதுரை நகரின் பெயரை மதுரத்தோடு சேர்த்துச் சிவபெருமான் அமுதம் தெளித்த புராணத்தை எடுத்துக்காட்டுவோரும், மருதமரத்தோடு சேர்ப்போரும் உளர், முடிபு எட்டப்படவில்லை. பிற்காலத்தில் மதுவிற்குக் குடிவகைப் பொருளே ஓங்கியது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்திற்கு வழங்கும் 'மதுவிலக்கு' என்னும் பெயரில் தேனின் சாயல் சிறிதும் இல்லை.

இரசாயனத்தில், 1834இல் துமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மரத்தை வடித்துப் பெறும் சாராயத்தை ஆராய்ந்து, 'மெத்யு'வோடு மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கூட்டி 'மெத்திலீன்' என்னும் பெயரை அமைத்தனர். மெத்தில், மெத்தனால், மீத்தேன் ஆகியவை அதன் கிளைகள்.