வாயிலும் துபாஷியும்

இருவர் பேசிக்கொள்ளுதல் எளிய செயல் போலத் தோன்றும். ஆயினும், பேச வேண்டிய இருவர் பேசவியலாது நிற்கும் வேளைகள் வாழ்க்கையில் பல. ஊடலால் மௌனம் பிறக்கும், பகையால் பிறக்கும், தொலைவாலும் மொழி வேற்றுமையாலும் பிறக்கும். அம்மௌனத்தைக் கலைக்க மூன்றாமவர் ஒருவர் இடையே வந்து நிற்பது பழைய வழக்கம். இன்று அவ்விடத்தில் இயந்திர மனிதனைக் கொண்டுவந்து நிறுத்த அறிஞர் முயல்கின்றனர். இம்முயற்சியை மதிப்பிட நம்மிடம் அளவுகோல் ஏதேனும் உண்டா? உண்டு, நம் வரலாறே அதனைத் தருகிறது.

தலைவனும் தலைவியும் ஊடியிருக்கும்போது இடைநின்று பேசுவோர்க்குத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்று பெயரிட்டது. தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர் முதலிய பன்னிருவரைக் கற்பியல் வரிசைப்படுத்துகிறது. இப்பெயரின் பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. வாயில் என்பது நுழைவதற்கு உரியது. அங்கே எவரும் குடியிருப்பதில்லை. ஊடல் தீர்ந்ததும் தோழி விலகிக்கொள்வாள். அவள் பேச்சுக்கு இனித் தேவையில்லை என்பதே அவள் பேச்சு பெற்ற வெற்றியாகும்.

பிற்காலப் புலவர் மனிதரோடு நில்லாமல், அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தென்றலையும் தூதுவிட்டனர். தமிழ் விடு தூது தமிழையே தூதாக்கியது. புகையிலை விடு தூது என்றும் ஒரு நூல் உண்டு. ஆகவே, மனிதரல்லாத ஒன்றை இருவரிடையே நிறுத்தும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று.

இடைநிற்போரில் மற்றொரு வகையினரும் உண்டு. ஐரோப்பியர் நம் கடற்கரைகளில் வணிகம் செய்த காலத்தில், அவர்களுக்கும் நம்மவர்க்கும் நடுவே நின்றோர் துபாஷிகள், அஃதாவது இருமொழியாளர். அவர்களுள் புகழ்மிக்கவர் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் டியூப்ளேயின் தலைமைத் துபாஷியாய் விளங்கிய அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம் மொழியின் அரிய செல்வம். அவர் திறமையையும் தொண்டையும் நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும், துபாஷியின் தொழிலில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. இரு தரத்தாரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுவிட்டால் அவருக்கு வேலையில்லை. வாயிலின் வெற்றி இருவரும் சேர்வதில். துபாஷியின் பிழைப்போ இருவரும் சேராதிருப்பதில்! இவ்வேறுபாடே நாம் தேடிய அளவுகோல்.

இனி, நாம் வாழும் மும்பைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுவோர் தாராவிக்கு வந்தனர். 1887இல் எழுந்த பெரிய மசூதியும், 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பியவை. ஊரில் விட்டுவந்த தாயோடும் மனைவியோடும் எழுத்தறியாத உழைப்பாளி எவ்வாறு பேசினான்? எழுதத் தெரிந்தவரை நாடி, தன் நெஞ்சிலுள்ளதைச் சொல்லி எழுதச் செய்தான். மும்பைப் பொது அஞ்சலகத்தின் அருகே கடிதம் எழுதித் தரும் தொழிலாளர் அமர்ந்திருந்த காட்சியை நம்முள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பிறருடைய கண்ணீரைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு, அடுத்தவர்க்கு எழுதத் தொடங்கும் அவர்களும் வாயில்களே.

பகையால் பிறந்த மௌனத்தையும் இந்நகரம் கண்டது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் மூண்ட கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். தாராவியும் எரிந்தது. ஒரே குழாயில் நீர் பிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்க அஞ்சினர். அதன் பின்னர் ஜூலியோ ரிபைரோ, அன்றைய காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி, சுஷோபா பார்வே ஆகியோர் முயற்சியால் மொஹல்லா குழுக்கள் தோன்றின. இரு சமயத்தாரும் காவலரும் ஒரே பாயில் அமர்ந்து பேச அவை இடமளித்தன.

தாராவியில் அப்பணியில் இணைந்தவர்கள் பாவு கோர்டேயும் வகார் கானும். ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். நான்கு சமயத்தாரின் உடையணிந்த நான்கு சிறுவர்கள் நிற்க, 'நாம் அனைவரும் ஒன்றே' எனப் பொருள்படும் வாசகத்தோடு வகார் கான் வெளியிட்ட சுவரொட்டி எங்கும் பரவியது. இந்நண்பர்களைப் பற்றி, செம்பூரையடுத்த தேவனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மொன்டேரோவும் கே. பி. ஜயசங்கரும் 2003இல் 'நாத்தா' என்னும் ஆவணப்படம் எடுத்தனர். வாய் பேசாத சுவரொட்டி ஒன்று பகைத்து நின்றோரிடையே பேச்சைத் தொடங்கி வைக்கக்கூடுமாயின், பேசும் பொறியால் அது இயலாதா என்னும் வினா இங்கே இயல்பாக எழுகின்றது.

'ரோபோ' என்னும் சொல் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட செக் நாடகத்தால் உலகுக்கு வந்தது; கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது. உழைப்பதற்கென்று கற்பனை செய்யப்பட்ட அப்பொறிக்கு உறவாடும் பணியையும் நம் காலத்தவர் தந்துள்ளனர். ஜப்பானின் தகனோரி ஷிபாட்டா படைத்த 'பாரோ' கடல்நாய்க் குட்டியின் வடிவுடையது. முதியோர் இல்லங்களில் அதனை மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள், பக்கத்தில் இருப்பவரோடும் மிகுதியாகப் பேசத் தொடங்கினர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'காஸ்பர்' என்னும் சிறுவன் வடிவப் பொறி, ஆட்டிசம் உடைய குழந்தைகள் பிறரோடு பழகத் துணைபுரிகிறது.

அமெரிக்க அறிஞர் சிலர் 153 பேரை மூவர் மூவராக 51 குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவிலும் ஒரு சிறு பொறியைச் சேர்த்து விளையாடச் செய்தனர். அதன் முடிவு 2020இல் வெளிவந்தது. தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் பொறி இருந்த குழுக்களில் மனிதர் தம்முள் மிகுதியாகப் பேசினர். பேச்சும் ஓரளவு சமமாகப் பங்கிடப்பட்டது. 2019இல் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர், குறைவாகப் பேசுபவர் பக்கம் தானே திரும்பும் ஒலிவாங்கியை அமைத்து, அவருக்கும் பேச வாய்ப்பு ஏற்படச் செய்தனர். தன் குறையை முதலில் சொல், பேசாதிருப்பவனைப் பேசவிடு. ஊர்ப் பெரியவர்களிடம் நாம் கண்ட பண்புகள் அல்லவோ இவை!

இத்தகைய பொறியை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் நம் நாடும் கண்டது. தாராவியில் முதல் நோயாளி ஏப்ரல் 1ஆம் நாள் கண்டறியப்பட்டார். அங்கு வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தவர்கள் மனிதரே. ஆனால், நோயாளியின் அருகே உறவினர் செல்லவியலாத மருத்துவமனை அறைகளில் என் செய்வது? தில்லியையடுத்த நொய்டாவின் மருத்துவமனை ஒன்றில், பெங்களூரு இன்வென்டோ நிறுவனத்தின் 'மித்ரா' என்னும் பொறி நோயாளியின் கட்டிலருகே சென்றது. அதன் மார்பிலிருந்த திரையில் வீட்டார் முகம் தோன்றியது. அம்முகத்தைக் கண்டு நோயாளி பேசினார். பொறி அங்கே வாயிலாயிற்று.

இவ்வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்கு, நம் இல்லங்களிலேயே காரணம் உண்டு. தாராவியாயினும் மாதுங்காவாயினும் செம்பூராயினும், கூடத்தின் ஒரு மூலையில் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி அமர்ந்திருக்கிறார். மறு மூலையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிந்திக்கும் பேரன் அமர்ந்திருக்கிறான். 'சாப்பிட்டாயா?' என்பதற்கு மேல் இருவரிடையே பேச்சு வளர்வதில்லை. நடுவே தாய் நின்று மொழிபெயர்க்கிறாள். அவள் அடுக்களைக்குச் சென்றால் பேச்சும் நின்றுவிடுகிறது. இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது; நாளை ஒரு பொறி நடுவே அமர்ந்து அதனைச் செய்யலாம். அதனை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பாட்டியின் கதையை முதன்முறையாகக் கேட்டுப் பேரன் வியப்பானாயின், அப்பொறிக்கு நன்றி கூறுவோம்.

ஆனால், ஓராண்டு கழித்து ஒரு வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டும். பொறி இல்லாத வேளையில் அவன் பாட்டியின் அருகே சென்று அமர்கிறானா? அவர் சொல்லும் பத்துச் சொற்களையேனும் தன் நாவால் திரும்பச் சொல்கிறானா? ஆம் எனில், நம் வீட்டுக்கு வந்தது வாயில். பொறியின்றி இருவரும் முன்போலவே வாய்மூடி இருப்பராயின், வந்தது துபாஷி. நம் பிரிவினையில் வாழும் துபாஷி!

பொறிக்கு இவ்வேற்றுமை தெரியாது; அதனை அமர்த்தும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்கள், வீடு திரும்பிய பின் குழந்தையைப் பாட்டியின் அருகே அமர்த்திவிட்டுச் சற்றே விலகி நிற்பார்களாக. குழந்தை தடுமாறட்டும், பாட்டி சிரிக்கட்டும். அத்தடுமாற்றத்திலேயே தமிழ் உள்ளே நுழையும்.