870 ஆடுகளும் ஒரு மாத்திரையும்

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டறிந்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் ஒரு மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. அதில் மருத்துவரோடு நோயாளிக்கும் பங்கிருக்கிறது. தைராய்டு ஹார்மோனின் கதை இதற்கு நல்லதோர் சான்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்களைக் குழப்பிய நோய் ஒன்று இருந்தது. பெரும்பாலும் நடுவயதுப் பெண்களைத் தாக்கியது. முகம் ஊதி, தோல் தடித்து வறண்டு, பேச்சு மந்தப்பட்டு, கோடையிலும் குளிர் வாட்டும். 1873இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதை விவரித்தார். 1878இல் வில்லியம் ஆர்டு இதற்கு 'மிக்சிடீமா' என்று பெயர் சூட்டினார். கழுத்துக் கழலைக்காகத் தைராய்டு சுரப்பியை முற்றிலும் அகற்றிய தம் நோயாளிகள் பலர் இதே போன்ற நிலைக்கு ஆளாயினர் என்று 1883இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் அறிவித்தார். அச்சுரப்பியின் இழப்பே நோயின் காரணம் என்பது மெல்லத் தெளிவாயிற்று.

அப்படியானால் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று எண்ணியவர் நியூகாசில் நகரின் இளம் மருத்துவர் ஜார்ஜ் மரே. 1891இல் அவர் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறெடுத்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. ஊசியே தேவையில்லை, உண்டாலே போதும் என்பது மறு ஆண்டில் தெரியவந்தது. பிளிமத் நகரின் ஃபாக்ஸ் என்ற மருத்துவர், அரைத் தைராய்டை லேசாக வறுத்துக் கொத்தி, பழ ஜெல்லியுடன் வாரம் ஒருமுறை உண்ணுமாறு பரிந்துரைத்தார்! மரேயின் நோயாளியோ மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தமது 74ஆம் வயதில் மறைந்தார். அவர் அருந்திய சாற்றுக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மரே கணக்கிட்டு எழுதினார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ரத்தத்தில் ஹார்மோனை அளக்க வழியே இல்லாத அக்காலத்தில், எவ்வளவு கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தனர்? உடலே அளவுகோலாக இருந்தது. குறைந்தால் குளிரும் சோர்வும் திரும்பும். மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் இளைக்கும். மருத்துவர் நாடி பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். எஞ்சியதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவருடைய சொல் பாதி மருத்துவமாக இருந்தது.

1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை 1926இல் சார்ல்ஸ் ஹாரிங்டன் கண்டறிந்தார். எனினும் உலர்த்திப் பொடித்த சுரப்பியே மேலும் பல பத்தாண்டுகள் மாத்திரையாக விற்கப்பட்டது. பின்னர் செயற்கைத் தைராக்சின் பரவலானபோது நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாயிற்று.

பெரும் திருப்பம் 1960களில் நேர்ந்தது. தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச்சை ரத்தத்தில் அளக்கும் முறை உருவானது. தைராக்சின் மிகுந்தால் டிஎஸ்எச் தாழும், குறைந்தால் உயரும். இந்தத் தராசில் நிறுத்தபோது பலர் தேவைக்கு மேல் உட்கொள்வது வெளிப்பட்டது. இன்று சுரப்பி முற்றிலும் செயலிழந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 100.

பல்லாண்டுகளாக 200 மைக்ரோகிராம் உட்கொண்டு வந்த ஒருவர், பழைய மருத்துவர் ஓய்வு பெற்றபின் புதியவரிடம் செல்வதாகக் கொள்வோம். புதியவர் பரிசோதனைத் தாளைப் பார்த்து, 'குறைக்க வேண்டும்' என்பார். வந்தவரோ, 'இந்த அளவில்தான் நான் நானாக இருக்கிறேன்' என்பார். மேசையின் இருபுறமும் அமர்ந்திருப்பவை இரண்டு காலகட்டங்கள்.

ஆய்வுகள் எவருக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு சிறு ஆய்வில், பரிசோதனை காட்டிய அளவைவிட 50 மைக்ரோகிராம் கூடுதலாக உட்கொண்டபோதே நோயாளிகள் மிக நலமாக உணர்ந்தனர். ஆனால் டிஎஸ்எச் மிகத் தாழ்ந்திருந்த 60 வயது கடந்தோருக்குப் பத்தாண்டுகளில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் அபாயம் மும்மடங்கு என்று 1994இல் ஃபிராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. 138 பேரிடம் அளவை மாற்றிப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வின் முடிவு இன்னும் விந்தையானது. தம் அளவு கூடியதா குறைந்ததா என்பதை அவர்களால் கண்டுகொள்ள முடியவில்லை. ஆயினும் எதைக் கூடுதல் என்று நம்பினார்களோ அதையே விரும்பினர்.

இதை வைத்து நோயாளியின் சொல்லை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்றே கருதுகிறேன். நோயாளியின் சொல் ஒரு சாட்சி, ரத்தத்தின் எண் மற்றொரு சாட்சி. இரண்டையும் விசாரித்த பிறகே தீர்ப்பு வரவேண்டும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகிறது; ஆகவே அளவை மாற்றினால் உண்மை நிலை தெரிய ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். அதற்குமுன் வரும் உற்சாகத்தையும் சோர்வையும் உடனே நம்பிவிடலாகாது. புதிய மருத்துவரிடம் செல்பவர், எந்த அளவில் எந்த எண் இருந்தது, அப்போது உடல் எப்படி இருந்தது, மாத்திரையோடு இரும்புச்சத்தோ கால்சியமோ உட்கொண்டாரா என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்வது நன்று. மருத்துவரும் தாளைப் படிக்குமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: 'எப்படி இருக்கிறீர்கள்?' எண்கள் இல்லாத காலத்தில் மரேயின் நோயாளியை 28 ஆண்டுகள் காத்ததில் இந்தக் கேள்விக்கும் பங்குண்டு.