செம்புக் காசின் சாட்சி

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுக்குச் சான்றாகும் என்று கருதுதல் பொருந்தாது. கைக்குக் கை மாறித் தேய்ந்துபோன சில்லறைக் காசும் சான்று பகரும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1793 முதல் 1857 வரை வெளியிட்ட பெரிய செம்புச் சென்ட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

1792-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிலடெல்பியா நகரில் நாணயச் சாலை அமைந்தது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதற் சென்டுகள் அடிக்கப்பட்டன. ஒரு புறத்தில் விடுதலை நங்கையின் தலை. மறு புறத்தில் பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்கும் பதினைந்து கண்ணிச் சங்கிலி. விடுதலை நங்கைக்கு விலங்கு பூட்டுவதா என்று பழித்தனர் மக்கள். 36,103 காசுகளோடு சங்கிலி நின்றது. அதன் இடத்தை மலர்வளையம் பெற்றது.

அக்காலத்து எஃகு அச்சுகளில் எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகக் கையால் பதித்தனர். ஆகவே ஓர் அச்சு மற்றோர் அச்சைப் போல் இராது, பிழைகளும் புகுந்தன. சங்கிலிக் காசின் ஓர் அச்சில் 'அமெரிக்கா' என்னும் பெயர் 'அமெரி' எனக் குறுகி நின்றது. 1796-இல் 'லிபர்ட்டி' என்னும் சொல்லின் ஓரெழுத்தை முதலில் பிழையாக அடித்து, பின்னர்த் திருத்தினர். 1801-இல் 1/100 என்பது 1/000 ஆயிற்று!

அச்சு அடிபட அடிபட விரிசல் காணும். அவ்விரிசல் காசிலும் கோடாகப் பதியும். கோடு சிறியதாயின் முன்னர் அடித்தது. பெரியதாயின் பின்னர் அடித்தது. ஒரு முன்புற அச்சு எந்தெந்தப் பின்புற அச்சுகளோடு இணைந்தது என்பதையும் கண்டு, நாணயச் சாலையில் வேலை நடந்த வரிசையை ஆய்வாளர் வகுத்தனர்.

1857-இல் பெரிய சென்டை நிறுத்தியதும் அதனைச் சேகரிக்கும் ஆர்வம் பெருகிற்று. எட்வர்ட் மாரிஸ் என்னும் மருத்துவர் 1794-ஆம் ஆண்டுக் காசுகளை அச்சு வாரியாகப் பிரித்து 1869-இல் நூல் வெளியிட்டார். ஒரு வகைக்குக் 'கடல் வீனஸ்' என்றும் பெயரிட்டார். 1793 முதல் 1814 வரையிலான வகைகளுக்கு வில்லியம் ஷெல்டன் 1949-இல் தந்த எண்களே இன்றும் வழக்கில் உள்ளன.

அந்த ஷெல்டனே தவறிழைத்தார் என்பது வருந்தத்தக்கது. ஜார்ஜ் கிளாப் என்பவர் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு நன்கொடையாக அளித்த தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தாழ்ந்த காசுகளை அவர் வைத்துவிட்டார். வகை எண் ஒன்றாகவே இருந்ததால் மாற்றம் எளிதில் புலப்படவில்லை. ஆனால் அச்சின் குறி ஒரு வகைக்கெல்லாம் பொது. புழக்கத்தில் ஏற்பட்ட வடுவோ அந்தந்தக் காசுக்கே உரியது. பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டபோது வடுக்கள் உண்மையைக் கூறின. வழக்கு நீதிமன்றம் சென்றது. காசுகள் சங்கத்துக்கே உரியவை எனத் தீர்ப்பாயிற்று.

நுணுகிப் பார்க்கும் கலையை உலகுக்குக் கற்பித்தவரின் குற்றத்தை அந்நுணுக்கமே வெளிப்படுத்திற்று. கல்வி எத்துணைப் பெரிதாயினும் ஒழுக்கம் அதனோடு சேராவிடில் பயனில்லை என்பதற்கு அச்செம்புக் காசுகளே சாட்சி.