காக்கிச் சட்டை வந்த வழி

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, கல்லூரி மலரில் பள்ளிக்கூடக் கதையா என்று தயங்கினேன். ஆனால் இங்கே சேருவதற்கு முன்பே நம்மில் பலபேர் சாரணர்கள்தானே! தொப்பூர்ப் பக்கத்துப் பையனான எனக்கு, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி வரிசையில் நின்ற எழுபதுகளின் மாலைகள் மறக்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களோடு முதல் முகாம் நடத்தினார். பெரிய இடத்துப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே அணியில் கலந்துவிட்டார். அங்கே ஏழை பணக்காரன் பார்க்காத இயக்கம், 1909-ல் பெங்களூருக்கு வந்தபோது பிறப்பைப் பார்த்தது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம். தருமபுரிக்குப் பெங்களூர் எவ்வளவு தூரம்? இருந்தும் நம் தாத்தாக்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதற்குப் பதில் சென்னையிலிருந்து வந்தது. அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலுடன் சேர்ந்து, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை! வடக்கே மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர்களை உருவாக்கினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. கதவு திறந்தது. ஆனால் மனத்தாங்கல் தீரவில்லை. 1937-ல் அவர் மறுபடி வந்துபோன பிறகு, இந்தியர்களின் குணத்தைக் குறைத்துப் பேசினார் என்று கொதிப்பு எழுந்து, 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகப் பிறந்தது. சுதந்திரம் வந்த பிறகு, 1950 நவம்பர் 7-ல்தான் எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் சாரணியர் இயக்கம் ஆனது. சாரணியர் 1951 ஆகஸ்ட் 15-ல் சேர்ந்தார்கள்.

பிறகு வந்த படிகள் உங்களுக்குத் தெரியும். பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான், அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. பேட்ஜ் தைத்துக்கொள்ள எங்களுக்கும் ஆசைதான். ஆனால் சான்றிதழுக்காகவே சாரணனாவதில் எனக்கு உடன்பாடில்லை. முகாமில் ஒரு ராத்திரி தூங்கினால்தான் படித்தது உடம்பில் ஒட்டும்.

எங்கள் முதல் முகாமுக்குத் திட்டம் போட்டது நாங்களேதான். எட்டுப் பேர் கொண்ட அணி, அரிசி பருப்புக் கணக்கு, பெற்றோர் கையெழுத்து எல்லாம் தயார். தொப்பையாற்றுப் பக்கம் வழுவழுவென்று மணல் கிடந்த காய்ந்த ஓடை ஒன்றில் கூடாரம் என்று படமும் வரைந்தாயிற்று. எங்கள் சாரண ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ராத்திரி மலையில மழை பெய்ஞ்சா கூடாரத்தை மேட்டூர்ல போய்த் தேடுவியா?" என்றார். தொப்பையாறு காவிரியில் சேருவதை அன்றுதான் சரியாகப் படித்தேன்! கூடாரம் மேட்டுக்குப் போனது. சமையலுக்கு எட்டத்தில், காற்று அடிக்கும் திசை பார்த்துக் கழிப்பிடக் குழி வெட்டினோம்.

முதலுதவியில்தான் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஊர் அப்படி. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் புரண்ட லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று அது என்.எச். 7, இன்று 44. எண் மாறியது, விபத்து நிற்கவில்லை. ஸ்கார்ஃபை அவிழ்த்தால் முக்கோணக் கட்டு. கை முறிந்தவருக்குத் தொட்டில். கட்டை முடிய ரீஃப் நாட்தான், தட்டையாகப் படியும், உறுத்தாது. இரண்டு கழி, பொத்தான் போட்ட இரண்டு சட்டை இருந்தால் ஸ்ட்ரெச்சர். முதுகில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பல வருஷம் கழித்து, சேலம் போகிற வழியில் அதே இறக்கத்தில் எங்கள் பஸ் நின்றது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கிடந்தது. ஸ்கார்ஃபுக்கு எங்கே போவது? தோளில் இருந்த துண்டால் அந்தப் பையனின் கையைக் கட்டினேன். விரல் தானாகவே ரீஃப் நாட் போட்டது.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜம்போரிக்கு நம் மாணவர்கள் யாராவது போயிருந்தால் அடுத்த மலரில் எழுத வேண்டும். பழைய சாரணப் படங்கள் வைத்திருக்கும் நண்பர்கள், அடுத்த சந்திப்புக்கு மறக்காமல் எடுத்து வாருங்கள். தலைப்பாகை கட்டிய படம் இருந்தால் முதலில் எனக்குக் காட்டுங்கள்.