கிள்ளானுக்கு மேலே ஐந்து கிலோமீட்டர்

டிசம்பர் வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடிகளில் சோப்பு நுரையைப் பனி என்று சொல்லித் தூவுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீடுகளில் குடிலின் கூரைமேல் பஞ்சு ஏறிவிடும். பெத்லகேமிலேயே பனி எப்போதாவதுதான். நம்மூரில் கிடையவே கிடையாது. அப்படியென்றால் இந்தப் பஞ்சு யார் கொண்டுவந்தது?

வெள்ளைக்காரன் என்பது சுலபமான பதில். 1810கள் இங்கிலாந்தில் கடுங்குளிர்ப் பத்தாண்டு. 1812இல் பிறந்த சார்லஸ் டிக்கன்ஸ் சிறுவனாக வளர்ந்தது அந்தக் குளிரில்தான். 1843இல் அவர் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் லண்டன் தெருக்களில் பனி கிடக்கிறது. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் என்றாலே பனி. இத்தனைக்கும் லண்டனிலும் அன்றைக்குப் பனி விழுவது அபூர்வம்தான்.

ஆனால் அந்தக் குளிரின் ஒரு நுனி நம் பக்கம் இருக்கிறது. 1815 ஏப்ரலில் பாலிக்குக் கிழக்கே, சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அப்போது ஜாவாவை நிர்வகித்தவர் ராஃபிள்ஸ், நம் பாடப்புத்தக ராஃபிள்ஸேதான். எரிமலைச் சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்து அங்கே படையைக் கிளப்பிவிட்டார்கள். மேலே போன கந்தகம் வெயிலை மட்டுப்படுத்த, 1816 ஐரோப்பாவுக்குக் கோடையில்லா ஆண்டு ஆனது. குளிர் முழுக்கத் தம்போராவின் கணக்கில் சேராது, அது முன்பே தொடங்கிவிட்டது. ஆனாலும் கிறிஸ்துமஸ் பனியில் நம் வட்டாரத்துச் சாம்பலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழும் ஒரு வேலை செய்தது. பனி என்றால் நமக்கு மார்கழிப் பனி. புல் நுனியில் நிற்பது. வாழ்த்து அட்டையின் வெண்பனியும் அதே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் கேரல் பாடுகிறவர் பனியில் நடுங்கினால் அது பொய்யில்லை. இங்கே கேரல் குழுவோடு வீடு வீடாகப் போனால் வியர்வைதான், இல்லாவிட்டால் மழை.

மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி: கேமரன் மலை, 1978 பிப்ரவரி 1. உறைவதற்கு இன்னும் எட்டு டிகிரி பாக்கி. ஆனால் பொறியாளன் புத்தி சும்மா இருக்காதே. நம் தலைக்கு மேல் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டரில் பூஜ்யம் டிகிரி வந்துவிடுகிறது. கினபாலு மலை 4,095 மீட்டர், அதுவே எட்டாத உயரம். நம் இடிமேகங்கள் சர்வசாதாரணமாக அதைத் தாண்டிப் போகும். அங்கே பனித்துகள்கள் உருவாகின்றன, விழுகின்றன, வழியில் உருகுகின்றன. எப்போதாவது உருகாமல் ஆலங்கட்டியாகக் கூரைத் தகரத்தைத் தட்டும். கிள்ளானில் பனி பெய்யாமலில்லை. கீழே வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

கீழே வந்து சேர்வது வேறு. 2021 டிசம்பர் 16இல் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஏறியது. மறுநாளிலிருந்து இங்கே கொட்டியது. ஒரு மாத மழை ஒரே நாளில் என்றார்கள் அதிகாரிகள். தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரைமேல் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம். அத்தை வீட்டைக் கழுவப் போனபோது சுவரில் சேற்றுக்கோடு என் தோளுக்கு மேலே இருந்தது. மூங்கில் குடில் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது.

“தம்பி, அத தூக்கிப் போட்டுறாத, காய வை” என்றார் அத்தை.

இப்போதெல்லாம் குடிலை அலமாரிக்கு மேலேதான் வைக்கிறார். பஞ்சும் உண்டு.