ஆசிரியர் பிழையும் உலகத்தார் தீர்ப்பும்
(ஒரு வரலாற்று நோக்கு)

வகுப்பறையில் ஓர் ஆசிரியர் ஓராண்டில் பேசும் சொற்களை எண்ணிப் பார்ப்பார் இலர். அவற்றுள் ஒரு சொல் பிறழ்ந்துவிட்டால் அதனை மறப்பாரும் இலர். கரும்பலகையில் ஓர் ஒற்று விடுபட்டது, ஒரு புலவர் பெயர் மற்றொரு புலவர்க்கு மாறிப் போனது, ழகரம் ஒருமுறை லகரமாய் ஒலித்தது என்பன போன்ற சிறு வழுக்கள் மாணவர் வழியே வீடு சேர்ந்து, ஊர் சேர்ந்து, அவ்வாசிரியரின் தகுதிக்கே அளவுகோலாகிவிடுகின்றன. மருத்துவரும் வழக்கறிஞரும் தம் தொழிலிடத்தில் ஐயுறலாம். ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ஆசிரியர் தயங்கினால் மட்டும் 'இவருக்கே தெரியவில்லை' என்னும் தீர்ப்பு உடனே எழுகின்றது. இத்தீர்ப்பின் கடுமை இன்று தோன்றியதன்று. தமிழ்க் கல்வி வரலாற்றில் அதற்கு நெடிய வேர் உண்டு. அக்கடுமையைத் தடுக்க முயன்ற மரபும் அவ்வரலாற்றிலேயே உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூல் வகுத்த எல்லை

ஆசிரியர் எத்தகையராய் இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழில் விரிவாக வரையறுத்த நூல், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலாகும். 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இந்நூலின் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தின் வரலாற்றை முறையே உரைக்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் உவமையாகின்றன. இவற்றுள் நிலத்திற்கு உரைக்கப்படும் பண்புகளுள் ஒன்று பொறை என்பது நினையத்தக்கது. தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் போல, குற்றங்கூறுவாரையும் பொறுக்கும் இயல்பு ஆசிரியர்க்கு வேண்டும் எனப் பவணந்தியார் அன்றே உணர்ந்திருந்தார் போலும்.

அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, ஆசிரியர் ஆகாதாரைப் பற்றிய நூற்பாவாகும். கற்பிக்கும் திறமின்மை, இழிகுணம், பொறாமை, பேராசை, வஞ்சனை, கேட்போர் அஞ்சும்படி பேசுதல் ஆகியன அங்கே விலக்கப்படுகின்றன. அவற்றோடு கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கும் உவமையாகக் கூறப்படுகின்றன. இட்ட முறையில் வாராமல் முன்பின்னாகக் கழற்காயை உதிர்க்கும் குடம் போன்றவர் ஒருவர். எவரும் அணுகவொண்ணாமல் நின்று, தானே உதிர்த்தால் மட்டும் கனி கொடுக்கும் பனை போன்றவர் மற்றொருவர். பஞ்சைச் சிறிது சிறிதாக அடைக்கவும், அவ்வாறே வாங்கவும் வேண்டிய குடுக்கை போன்றவர் வேறொருவர். நீர் வார்த்தவனை விடுத்து அயலார்க்குக் காய் தரும் வளைந்த தென்னை போன்றவர் பிறிதொருவர்.

இப்பட்டியலில் இடம் பெறாதது எது என்று காண்பதும் வேண்டும். நாத் தவறுதல் இங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. ஒரு செய்யுளை ஒருபொழுது மறத்தலும், ஒரு வினாவிற்கு விடை அறியாமையும் சொல்லப்படவில்லை. விலக்கப்பட்டவை யாவும் மனத்தின் கோணலும் கற்பிக்கும் நெறியின் கோணலுமே. நாள்தோறும் பழகிய பின்னரே புலப்படும் இயல்புகள் இவை. ஒருநாள் வழுவால் அறியத்தக்கன அல்ல. ஆசிரியரைத் தகுதியிலர் என ஒதுக்குதற்கு நன்னூல் வகுத்த எல்லை இதுவேயாகும்.

பாடங்கேட்டல் பற்றிய பகுதி மேலும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஆசான் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது புலமையின் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால்தான் நிரம்பும். அஃதாவது, புலமையின் சரிபாதி கற்பிக்கும்போதுதான் கைகூடுகின்றது. மேடைமேல் நிற்பவரும் இன்னும் பாதி வழியில் நடந்துகொண்டிருக்கும் மாணாக்கரே என்பது இதன் பொருளாகும். நடப்பவர்க்குக் கால் இடறுதல் இயல்பு. இடறியதைக் கண்டு நடக்கவே தெரியாதவர் என்று உரைத்தல் நன்னூல் நெறிக்குப் புறம்பானது.

குட்டும் துறடும்

ஆயினும், புலவர் உலகில் வழங்கிய கதைகள் வேறோர் உணர்வைக் காட்டுகின்றன. இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் பாட்டின் குற்றத்தை விட்டுக்கொடாத நக்கீரரைத் தமிழுலகம் தலைமேற் கொண்டு போற்றுகின்றது. பிழைபடப் பாடியவரைத் தலையிற் குட்டிய பிள்ளைப் பாண்டியனையும், செவியைக் குறும்பியளவாய்த் தோண்டியெடுத்த வில்லிபுத்தூராரையும், தலையையே வெட்டிய ஒட்டக்கூத்தரையும் ஒருசேர நினைந்து, இவர்கள் இன்மையால் போலிப் புலவர் மலிந்தனர் என்று வருந்தும் தனிப்பாடல் ஒன்று தமிழ்ப் புலவரிடையே பெருவழக்காயிற்று. இவை வரலாற்றுச் சான்று உடையன என்று கொள்வதற்கில்லை. எனினும், பிழைக்குத் தண்டனை எத்துணைக் கடுமையாய் இருந்தாலும் தகும் என்னும் மனப்போக்கிற்கு இவை சான்றாகின்றன.

இக்கதைகளுள் ஒன்றிற்கு ஒரு பிற்பகுதி உண்டு. தோற்றாரின் காதை அறுக்கத் துறடு ஏந்தித் திரிந்த வில்லிபுத்தூராரோடு அருணகிரிநாதர் வாதம் புரிந்தார் என்பது செவிவழிச் செய்தி. அருணகிரியார் பாடப் பாடப் பொருளுரைத்து வந்த வில்லிபுத்தூரார், கந்தரந்தாதியின் தகரப் பாட்டு ஒன்றிற்குப் பொருள் கூற இயலாமல் நின்றார். தாம் வகுத்த விதியின்படி தம் காதை இழக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அருணகிரியாரோ அவரை மன்னித்துத் துறட்டைக் கைவிடச் செய்தார் என்று கதை முடிகின்றது. பிறர் பிழைக்குத் துறடு ஏந்தியவர்க்கும் ஒருநாள் ஒரு பாட்டின் பொருள் விளங்காமற் போகும் என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது. முற்பகுதியை எடுத்துரைக்கும் மேடைகள் பல. பிற்பகுதியை நினைப்பிக்கும் மேடைகள் சிலவே.

பிழைக்கு விலை வைத்த சட்டம்

19-ஆம் நூற்றாண்டில் இத்தீர்ப்பு அரசின் சட்டமாகவே உருக்கொண்டது. இங்கிலாந்தில் 1862-இல் இராபர்ட் லோ என்பார் முன்னின்று நடைமுறைப்படுத்திய திருத்திய கல்விவிதி, பள்ளிக்குரிய மானியத்தைத் தேர்வின் விளைவோடு பிணைத்தது. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் குழந்தை ஒவ்வொன்றையும் சோதிப்பார். ஒரு பாடத்தில் ஒரு குழந்தை தவறினால் பள்ளி 2 சில்லிங் 8 பென்சு மானியத்தை இழக்கும். குழந்தையின் வழுவே ஆசிரியரின் வழுவாகி, அதற்குக் காசளவில் விலையும் குறிக்கப்பட்டது.

இவ்விதியை எதிர்த்தவருள் முதன்மையானவர் ஒரு கவிஞர் என்பது இலக்கிய அன்பர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1857 முதல் பத்தாண்டுகள் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியராகவும் விளங்கியவர். தண்டிக்கும் அதிகாரம் தம் கையில் இருந்தும், 1862-இலேயே அவர் அவ்விதியைக் கண்டித்து எழுதினார். பின்னர்த் தம் அறிக்கைகளிலும், இம்முறை கற்பித்தலை உயிரற்ற எந்திரச் செயலாக்கிவிட்டது என்று கூறிவந்தார். தேர்வுக்குரிய சில பக்கங்களையே மீண்டும் மீண்டும் உருவேற்றுவது ஆசிரியர்க்குப் பாதுகாப்பாயிற்று. அப்பக்கங்களைக் கடந்து கதையோ பாட்டோ சொல்வது இழப்பாயிற்று.

விளைவுக்கேற்ற மானியம் என்னும் இம்முறை 1860-களில் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஊரார் அளக்கும் நெல்லையும் திருநாட் கொடையையும் நம்பி வாழ்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் பலர், இம்மானியத்தின் பொருட்டு ஆய்வாளரின் வருகைக்குக் காத்திருப்போர் ஆயினர். 1882-இல் அமைந்த அண்டர் கல்விக் குழு தொடக்கக் கல்விக்கு இம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 1890-களில் இது படிப்படியாய் ஒழிந்தது. இந்தியாவில் கர்சன் காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் இதனைக் கைவிட்டது. சட்டம் மறைந்தாலும், ஒரு பிழையை வைத்து ஆசிரியரை அளக்கும் மனம் மறையவில்லை.

கும்பகோணத்து வகுப்பறை

இவ்வரலாற்றில் தமிழுக்கு நேரடியாய்ப் பயன் விளைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பணியினின்றும் ஓய்வு பெற்றபோது, உ. வே. சாமிநாதையரை அப்பணிக்குப் பரிந்துரைத்தார். 1880 பிப்ரவரியில் பணியேற்றபோது ஐயருக்கு அகவை 25. கல்லூரியைச் சார்ந்தோர் அவரை வினவியும், உடனிருந்தே செய்யுள் இயற்றச் செய்தும் சோதித்த பின்னரே பணி உறுதியாயிற்று. புகழ்பெற்ற ஒருவரின் இருக்கையில் அமரும் இளைஞர் என்ன பிழை செய்வார் என்று நோக்கும் கண்கள் அன்று பல இருந்திருக்கும்.

அவ்வாண்டு அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். கற்ற நூல்கள் எவை என முதலியார் வினவ, ஐயர் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் உலாக்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசைப்படுத்தினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக் கற்றதுண்டா என்று கேட்டார். கற்றதில்லை என்பதே விடை. கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் ஐம்பெருங்காப்பியங்களைக் கண்டதே இல்லை என்று அன்றே தீர்ப்பு எழுதியிருக்கலாம். அத்தீர்ப்பு உண்மையாகவும் இருந்திருக்கும்.

அவ்வாறு நிகழாமைக்குக் காரணம் இருவர் பண்புமாகும். ஐயர் தம் அறியாமையை மறைத்து மழுப்பவில்லை. நூல் கிடைத்தால் படித்தறிய இயலும் என்னும் துணிவையும் இழக்கவில்லை. முதலியார் ஐயரை எள்ளி அனுப்பிவிடாமல் சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்து, அதனைத் தமக்கே பாடஞ்சொல்லுமாறு வேண்டினார். பாடம் நடந்தபோதும் விளங்காத இடங்கள் பல நேர்ந்தன. விளங்காதவற்றை விளங்கியதாகக் காட்டாமல், அவ்வூரில் வாழ்ந்த சமணரை நாடி, அவர்தம் சமயக் கருத்துகளை ஐயர் கேட்டறிந்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சீவக சிந்தாமணி அச்சேறியது.

நூல் வெளிவந்தபின் எழுந்த எதிர்ப்பை, 'என் சரித்திரம்' நூலில் ஐயர் கண்டனப் புயலாகவே குறிக்கின்றார். பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று துண்டு வெளியீடுகள் கிளம்பின. ஐயர் மனம் நொந்து மறுப்புரை வரைந்து, உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதனைக் கிழித்தெறிந்து, இத்தகையோர்க்கு விடை எழுதுவதில் காலத்தைச் செலவிட்டால் ஆக்கப்பணி நின்றுவிடும் என அறிவுறுத்தினார். ஐயர் அதனை ஏற்றார். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. 1907-இல் திருத்தங்களோடு சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வந்தது. முதற்பதிப்பில் பிழையே இல்லை என்று அவர் வாதிடவில்லை என்பதற்குத் திருந்திய பதிப்பே சான்று. அன்றைய கண்டனத்திற்கு அஞ்சி அவர் தம் ஏட்டுச்சுவடிகளைக் கட்டி வைத்திருப்பாராயின், தமிழ் இழந்திருப்பது ஒற்றோ புள்ளியோ அன்று.

திருத்தமும் தீர்ப்பும்

ஆசிரியர் பிழையைப் பொருட்படுத்தவே வேண்டா என்பது இதனாற் பெறப்படுவதன்று. ஆசிரியரிடம் நேரும் ஒரு வழு, மாணவர் நாற்பதின்மர் ஏட்டில் நாற்பதாகப் பெருகுவது உண்மை. எனவே திருத்தம் இன்றியமையாதது. பிழையைச் சுட்டிய மாணவரை வெகுண்டு அடக்கும் ஆசிரியர், நன்னூல் விலக்கிய அச்சமூட்டும் பேச்சினராகவே ஆகின்றார். பிழையைக் கண்டித்துப் பிரம்பெடுத்த ஆசிரியர் மரபும் இங்கு உண்டு. மாணவர்க்கு வழங்காத பொறையை ஆசிரியர் உலகத்தாரிடம் எதிர்பார்ப்பது எளிதன்று.

திருத்தம் பிழையோடு நின்றுவிடும். தீர்ப்பு பிழை செய்தவரைப் பற்றிக்கொள்ளும். இராமசாமி முதலியார் சுட்டியது ஒரு குறை. அவர் தந்தது ஒரு நூல். துண்டு வெளியீட்டார் சுட்டியவற்றுள் உண்மையான பிழைகளும் சில இருந்திருக்கலாம். எனினும் அவர்கள் தர முயன்றது மனச்சோர்வு ஒன்றே.

தீர்ப்புக்கு அஞ்சும் ஆசிரியர் என்ன செய்கின்றார் என்பதை இன்றைய வகுப்பறைகளிற் காணலாம். ஒருவர் தவறிய சொல்லை மட்டும் கைப்பேசியிற் பதிந்து, முன்னும் பின்னும் நீக்கிப் பரப்புதல் எளிதாகிவிட்ட காலம் இது. புதிதாய்ப் பணியேற்ற இளம் ஆசிரியர் அச்சிட்ட உரையை விட்டு ஓரடியும் விலகத் துணிவதில்லை. மனப்பாடமாய் ஒரு சங்கப் பாட்டைச் சொல்லத் தொடங்கி நடுவில் மறந்துவிடுமோ என்று, சொல்லாமலே விட்டுவிடுகின்றார். புதிய கவிஞர் ஒருவரின் நூலை வகுப்பிற்கு எடுத்துச் செல்ல நினைத்து, வினா எழுந்தால் என் செய்வது என்று மேசையிலேயே வைத்துவிடுகின்றார். பிழை குறைகின்றது, பாடமும் குறைகின்றது. பாட்டின் சுவையறியாமல் தேர்ச்சி மட்டும் பெற்ற தலைமுறை ஒன்று வெளியேறுகின்றது.

இலக்கிய வட்டங்கள் பல்லாண்டு நிலைபெறுவதற்குரிய காரணத்தையும் இங்கே எண்ணலாம். வட்டத்தில் ஒருவர் கவிதை படிக்கையில் தளை தட்டினால் அருகிருப்பவர் மெல்லச் சொல்கின்றார். படித்தவர் அடுத்த திங்களும் வருகின்றார். உடன் பயில்வாரால் வரும் புலமை என்று பவணந்தியார் கூறிய காற்கூறு இதுவே. இப்பொறையை வட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிறுத்திவிடாமல், தெருமுனைப் பள்ளியில் சுண்ணக்கட்டியோடு நிற்கும் ஆசிரியர்க்கும் வழங்குதல் கற்றோர் கடமையாகும். அவர் விட்ட ஒற்றை அவரிடமே தனியே சொல்லலாம். சொல்லிய பின், அன்று அவர் நடத்திய பாட்டைப் பற்றியும் ஒரு சொல் கேட்கலாம்.