வீட்டிலேயே பசியாறலாம்: இரவில் அரை மணி நேரம், காலையில் கால் மணி நேரம்

காலையில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்பது மலேசியத் தமிழரின் வழக்கம். காலை உணவுக்கு இங்கு 'பசியாறல்' என்ற அழகான சொல்லே உண்டு. அந்தப் பசியாறல் இப்போது பல குடும்பங்களில் வீட்டிலிருந்து கடைக்கு இடம் மாறிவிட்டது.

கடைப் பசியாறலுக்கும் ஒரு பெருமை இருக்கிறது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றை முன்னிறுத்தி, பல்லின மக்கள் ஒன்றாக அமர்ந்து உண்ணும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குச் சென்று பசியாறுவதில் தவறில்லை. வாரம் முழுவதும் அதுவே வழக்கமாகும்போதுதான் சிக்கல்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்த விகிதம் மிக அதிகம். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. அதோடு ஒரு கிளாஸ் தே தாரேக்கும் சேர்ந்தால், காலையிலேயே மாவும் எண்ணெயும் சீனியும் நிறைந்துவிடுகின்றன. காய்கறியும் பருப்பும் பெயரளவுக்குத்தான்.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நால்வர் உள்ள குடும்பம் வேலை நாள் ஐந்திலும் பொட்டலம் வாங்கினால் வாரத்திற்கு 20, மாதத்திற்கு 80க்கும் மேல்.

இது பலருக்கும் தெரிந்ததுதான். நேரம்தான் இல்லை. பொழுது விடியும் முன்பே பள்ளி வேன் வந்துவிடுகிறது. தோட்டத்தில் உள்ளவர்கள் பெரட்டுக்கும், ஆலையில் உள்ளவர்கள் காலை ஷிப்டுக்கும் கிளம்ப வேண்டும். எல்லா வேலையையும் காலை ஐந்து மணிக்கு ஒருவர் தலையில், பெரும்பாலும் அம்மாவின் தலையில், போட்டால் எந்தப் பலகாரமும் கடினம்தான். வேலையை முந்தின இரவுக்கு நகர்த்தி, வீட்டில் உள்ள எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தால் காலையில் கால் மணி நேரம் போதும். அதற்கு ஏற்ற சில பலகாரங்கள் இங்கே.

ஒரே மாவு, மூன்று காலை

நான்கு கப் புழுங்கல் அரிசி, ஒரு கப் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசியைத் தனியாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் ஒன்றாகவும் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கிரைண்டர் இல்லாதவர்கள் பிளெண்டரில் அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் சேர்க்கலாம். பிளெண்டர் சூடேறினால் மாவு சரியாகப் பொங்காது.

உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதியளவுக்கு மட்டும் ஊற்றி மூடிவைக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். அதற்கு மேல் வெளியே வைத்தால் புளிப்பு ஏறும் என்பதால் உடனே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுவது நல்லது.

ஞாயிறு மாலை அரைத்தால் திங்கள் காலை மாவு புதிதாக இருக்கும். அன்று இட்லி. செவ்வாயன்று கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை. புதனன்று மாவு சற்றுப் புளித்திருக்கும். அன்று வெங்காயம், கேரட், முருங்கைக்கீரை தூவி ஊத்தப்பம் ஊற்றலாம். வேலியோரம் முருங்கை நிற்கும் வீடுகளில் கீரைக்குக் காசே இல்லை. காய்கறி என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட, தாங்களே தூவிய ஊத்தப்பத்தைச் சாப்பிட்டுவிடுவதுண்டு.

பதினைந்து நிமிட உப்புமா

உப்புமாவில் நேரம் பிடிப்பது ரவையை வறுப்பதும் காய் நறுக்குவதும்தான். ஒரு கிலோ ரவையை விடுமுறை நாளில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியதும் டின்னில் அடைத்துவிடலாம். கேரட், பயிற்றங்காய், வெங்காயத்தை முந்தின இரவே நறுக்கி மூடிவைக்கலாம்.

காலையில் தாளித்து, காய்களை வதக்கி, ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தீயைக் குறைத்து ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினால் கட்டி விழாது. ரவையும் காயும் சம அளவில் இருந்தால் உப்புமா வயிற்றில் கனக்காது. பக்கத்தில் ஒரு அவித்த முட்டை இருந்தால் பகல் வரை தாங்கும்.

குழல் இல்லாமலே புட்டு

புட்டுக் குழல் இல்லாத வீட்டில் இட்லித் தட்டே போதும். இரண்டு கப் வறுத்த அரிசி மாவு அல்லது கேழ்வரகு மாவில் உப்புச் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசிற வேண்டும். கையில் பிடித்தால் மாவு நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். அதுதான் பதம். ஈரத்துணி விரித்த தட்டில் மாவையும் தேங்காய்ப் பூவையும் மாறி மாறிப் பரப்பி, ஆவி வந்த பிறகு எட்டு முதல் பத்து நிமிடம் அவித்தால் போதும்.

புட்டுக்குச் சீனி போட்டுத்தான் தீர வேண்டும் என்பதில்லை. அவித்த பச்சைப்பயறும் ஒரு பிசாங் மாஸ் பழமும் சேர்த்துப் பிசைந்தால் இனிப்பும் கிடைக்கும், புரதமும் கிடைக்கும். பயற்றை முந்தின இரவே அவித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

சார்டின் ரொட்டி

கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய நாளுக்கு இது உதவும். தக்காளிச் சாற்றில் ஊறிய சார்டின் சிறிய டின் ஒன்று, பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு. வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, மீனை மசித்துச் சேர்த்து, சாறு வற்றும்வரை கிளறி எலுமிச்சை பிழிய வேண்டும். டின் மீனில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் தனியாகப் போட வேண்டாம். முள் மிருதுவாக வெந்திருக்கும். மசித்துச் சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

இரவே இதைச் செய்து ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், காலையில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தோசைக் கல்லில் இருபுறமும் வாட்டி எடுத்துவிடலாம். முழுக் கோதுமை ரொட்டி இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமையிலும் புரட்டாசியிலும் சைவம் கடைப்பிடிக்கும் வீடுகளில் மீனுக்குப் பதிலாக அவித்து மசித்த கொண்டைக்கடலையைப் பயன்படுத்தலாம்.

மிச்சச் சோற்றில் கவனம்

இரவு மிஞ்சிய சோறு காலையில் நாசி கோரேங் செய்ய மிகப் பொருத்தமானது. குளிர்ந்த சோறு ஒட்டாமல் உதிரியாக இருக்கும். மூன்று கப் சோற்றுக்கு இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நெத்திலி, ஒரு கட்டுக் கங்கோங் அல்லது சாவிக் கீரை என்றால் அரிசி குறைந்து மற்றவை கூடும்.

ஆனால், அந்தச் சோறு இரவு முழுக்க அடுப்பு மேல் கிடக்கக் கூடாது. அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் சோற்றை அகலமான பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, மிஞ்சியதை மறுபடியும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.

விடுமுறை நாளுக்கு மரவள்ளி

1941 முதல் 1945 வரை, ஜப்பானியர் காலத்தில், அரிசி கிடைக்காத தோட்டக் குடும்பங்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. பஞ்சத்தின் அடையாளமாகப் பெரியவர்கள் நினைவில் நிற்கும் இந்தக் கிழங்கு, இன்று பிள்ளைகளுக்குப் புதுமையான பசியாறலாக இருக்கும். அதோடு தாத்தா பாட்டி கதையும் சேர்ந்துகொள்ளும்.

தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடை வெளியிடும் பொருள் இருப்பதால் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. நெத்திலிச் சம்பலோ தேங்காய்ச் சட்னியோ தொட்டுக்கொள்ளலாம். மாவுச்சத்து அதிகம் என்பதால் இரண்டு மூன்று துண்டு போதும்.

தட்டைப் பிரிக்கும் கணக்கு

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். தோசைக்கும் இது பொருந்தும். நான்கு தோசைக்குத் தண்ணீராகச் சாம்பார் ஊற்றுவதற்குப் பதிலாக, இரண்டு தோசைக்குப் பருப்பும் காயும் கெட்டியாக உள்ள சாம்பாரை நிறைய எடுத்துக்கொண்டு, ஒரு பழமும் சேர்த்துக்கொள்ளலாம்.

பானத்திலும் கவனம் தேவை. ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. உணவில் சேர்க்கப்படும் சீனியை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோப்பியிலும் மைலோவிலும் கெட்டிப்பாலைக் குறைத்துச் சாதாரணப் பால் சேர்ப்பது நல்ல தொடக்கம். ஒரே நாளில் நிறுத்துவதைவிட, வாரத்திற்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கும் பழகிவிடும்.

யார் எதைச் செய்வது?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் தேங்காய்ப் பூவைத் தூவலாம், பழம் உரிக்கலாம், ரொட்டியில் மசித்ததைத் தடவலாம். எட்டு, ஒன்பது வயதில் மாவு அளக்கலாம், புட்டு மாவு பிசிறலாம், முட்டை உரிக்கலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கத் தோசை ஊற்றப் பழகலாம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இதில் தேவையில்லை. இரவில் காய் நறுக்குவதையும் காலையில் பாத்திரம் கழுவுவதையும் அப்பாவோ அண்ணனோ எடுத்துக்கொண்டால், அம்மாவும் உட்கார்ந்து பசியாற நேரம் கிடைக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

'இனிப்புநீர்' என்று பேச்சில் சொல்லப்படும் நீரிழிவு உள்ளவர்கள் காலையில் பட்டினி கிடந்து சீனியைக் குறைக்க முயலக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டோ, சில வகை மாத்திரைகளை உட்கொண்டோ பசியாறாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புபவர்கள், மருந்தை எப்போது எடுப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்பதை அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, ஒரு வாரம் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவர் ஆலோசனை சொல்ல எளிதாக இருக்கும்.